டைல் டைலாகவே இருக்கட்டும்

எந்த ஊர் ஷோரூமுக்குப் போனாலும் இத்தாலிய டைலுக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: "தடவிப் பார்த்தாலும் மார்பிள் இல்லைன்னு சொல்ல முடியாது சார்." வாடிக்கையாளர் குனிந்து தடவுகிறார். சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். விலை படிந்துவிடுகிறது. கடைக்காரர்கள் மட்டும் இப்படிப் பேசுகிறார்கள் என்றால் விட்டுவிடலாம். உள்ளலங்கார இதழ்களும் இதையே எழுதுகின்றன. கட்டடக் கலைஞர்கள் பலர் இதையே நம்புகிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் பொலோன்யா நகரில் நடக்கும் செர்சாயே கண்காட்சியில், உலகம் முழுவதிலுமிருந்து வருகிறவர்கள் கூடிநின்று வியக்கும் அரங்குகளில் பலவும் பளிங்குப் படம் அச்சிட்ட பலகைகளின் அரங்குகள்தான்.

இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் கருத்தை அப்பட்டமாகச் சொன்னால் இப்படி வரும்: டைல் என்பது கல்லை வாங்க முடியாதவருக்கான மாற்று, அது எவ்வளவு தூரம் கல்லாகத் தெரிகிறதோ அவ்வளவு உயர்ந்தது, அந்த வித்தையில் இத்தாலியர்கள் முன்னணியில் இருக்கிறார்கள், ஆகவே இத்தாலிய டைல் உலகத்தில் சிறந்தது. டைலை வெறுக்கும் கட்டடக் கலைஞர்களும் உண்டு. "குளியலறைக்கு மேல் அதற்கு இடமில்லை, நல்ல கட்டடத்துக்குக் கல்லும் மரமும்தான்" என்பார்கள். இரு தரப்பாரும் எதிரெதிராக நிற்பதுபோல் தெரிந்தாலும் டைல் ஒரு பதிலிப் பொருள் என்பதில் இருவருக்கும் ஒரே மனம்.

இரண்டும் தவறு. இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இந்தக் கருத்து ஒரு நல்ல பொருளைப் புரிந்துகொள்ளவிடாமல் தடுக்கிறது, முந்நூறு ஆண்டு வரலாற்றை மறைக்கிறது, வீடு வீடாகத் தரைகளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் பொருள். இத்தாலிய டைல் தொழிலின் இதயம் எமிலியா-ரொமாஞா மாநிலத்தில், மொடெனா நகருக்குத் தென்மேற்கே, அப்பெனைன் மலையடிவாரத்தில் உள்ள சஸ்ஸுவோலோ. அதைச் சுற்றி ஃபியோரானோ, கசல்கிராந்தே, ஸ்காந்தியானோ என்று ஊர் ஊராகச் சூளைகள். முதலில் அந்த மலையடிவாரச் செம்மண்ணே மூலப்பொருள். இன்று செய்யப்படும் போர்சலின் டைலுக்கு வெள்ளைக் களிமண், கயோலின், ஃபெல்ட்ஸ்பார், மணல் எல்லாம் வேண்டும். அவற்றில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. அவற்றைத் தண்ணீரோடு சேர்த்துக் கூழாக அரைத்து, வெப்பக் காற்றில் தெளித்து மாவாக்கி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் அழுத்தம் கொடுத்துப் பலகையாக அமுக்கி, 1200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். முன்பெல்லாம் உடலை ஒரு முறை சுட்டு, மெருகு பூசி மறுபடி சுடுவார்கள். 1970களில் மராட்ஸி நிறுவனம் உடலையும் மெருகையும் ஒரே தடவையில் சுடும் முறையைக் கொண்டுவந்தது. உருளைகள் மேல் நகரும் டைல் சூளையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும் அளவுக்கு வேலை சுருங்கியது.

அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோலாகி, மற்ற துகள்களின் இடைவெளியை அடைத்துவிடுகிறது. அதனால்தான் போர்சலின் டைல் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சுவதில்லை. பளிங்கோ கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு சிந்தினால் அரித்து மங்கிவிடும். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 3. செருப்பில் ஒட்டிவரும் மணல் 7. வாசல் மணலைத் தினமும் மிதித்து உள்ளே கொண்டுவரும் வீட்டில் பளிங்கின் பளபளப்பு எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். டைல் அங்கே ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கிறது.

இவ்வளவு குணமும் எங்கே இருக்கிறது? அந்த ஒன்பது, பத்து மில்லிமீட்டர் உடலிலும் அதன்மேல் உருகிப் படிந்த மெருகிலும் இருக்கிறது. பளிங்குப் படம் என்பது நடுவில் தெளிக்கப்பட்ட மை. டைலில் உயர்ந்தது எதுவோ அதற்கும் அந்தப் படத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதே உடல், அதே உறுதி, பச்சை நிறத்தில் கிடைக்கும், கருநீலத்தில் கிடைக்கும், மேடு பள்ளமாக வார்த்ததாகவும் கிடைக்கும். "மார்பிள் மாதிரி இருக்கிறது, ஆனால் கறை பிடிக்காது" என்று விளம்பரம் சொல்கிறபோது, வாக்கியத்தின் பின்பாதியிலுள்ள பெருமையை முன்பாதி திருடிக்கொள்கிறது.

படம் எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பளிங்குப் பலகை ஒன்றை ஸ்கேனரில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். கணினியில் சுத்தம் செய்து, டைல் அளவுக்குப் பிரித்து, குறிப்பிட்ட எண்ணிக்கையில் 'முகங்கள்' தயாரிக்கிறார்கள். சூளைக்குப் போகும் வழியில் இங்க்ஜெட் தலைகளுக்கு அடியில் டைல் கடந்துபோகும்போது அந்த முகங்கள் மாறி மாறி விழுகின்றன. முகங்கள் எத்தனை இருந்தாலும் தீர்ந்துபோகிறவைதான். பிறகு முதலிலிருந்து தொடங்கும். ஒரு வீட்டுக் கூடத்தில் மின்னல்போலக் கிளைத்து, நுனியில் தூண்டில் முள்ளாக வளைந்த ஒரு சாம்பல் நரம்பைப் பார்த்தேன். அழகாகவே இருந்தது. திரும்பினால் சோபாவுக்குப் பக்கத்தில் அதே தூண்டில் முள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே தலைகீழாக இன்னொன்று. அதைக் கண்டபிறகு கண் வேறெதையும் பார்க்க மறுக்கிறது, அடுத்தது எங்கே என்றே தேடுகிறது. மலைக்குள் கோடி ஆண்டுகள் அழுந்திக் கிடந்த கல்லில் ஒரு நரம்பு இரண்டு முறை வராது. அச்சில் வரும்.

அதே வீட்டில் மாடிப்படி ஓரத்தில் ஒரு டைலின் மூலை பெயர்ந்திருந்தது. மேலே நரம்போடிய வெண்மை. பெயர்ந்த இடத்தில் சாம்பல் பூத்த ஒரே நிற உடல். நரம்பு விளிம்போடு நின்றுவிட்டது. அடர்பச்சை டைல் பதித்த படியிலும் மூலை பெயரும்தான், அங்கேயும் உள்ளே வேறு நிறம் தெரியும்தான். ஆனால் அங்கே பெயர்ந்தது ஒரு மூலை, அவ்வளவே. இங்கே அந்த நகக்கண் அளவுக் காயம் வீட்டுக்காரர் தரைமுழுக்கச் சொல்லிவைத்த கதையை அம்பலப்படுத்துகிறது. இப்போது உடலுக்குள்ளும் நரம்பு ஓடும்படி மாவிலேயே நிறம் கலந்து அமுக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன என்பார்கள். வந்திருக்கின்றன. அத்தனை பொறியியல் திறமையும் ஒரு பொய் பிடிபடாமல் இருப்பதற்காகச் செலவாகிறதே என்பதுதான் என் வருத்தம்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். பளிங்கு கிடைக்காத ஏழை நாட்டில் மாற்றுப் பொருளாக டைல் பிறந்திருந்தால் எதிர்த்தரப்பின் வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கும். ஆனால் இத்தாலி, பளிங்குக்குப் பெயர்போன கராராவின் நாடு. அந்த நாட்டில் பளிங்கு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்கள், பளிங்கைச் செதுக்கிப் பெயர் வாங்கியவர்கள், டைலை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள்.

நேப்பிள்ஸில் சாந்தா கியாரா மடத்தின் முற்றம் உள்ளது. 1739க்கும் 1742க்கும் இடையில் அதை மாற்றியமைத்தவர் டொமெனிகோ அந்தோனியோ வக்காரோ. அவர் ஓவியர், கட்டடக் கலைஞர். அதோடு பளிங்கில் வேலை செய்த சிற்பி. சிற்பியின் மகனும்கூட. அந்தக் கால நேப்பிள்ஸ் தேவாலயங்களில் பல நிறப் பளிங்கை வெட்டிப் பதிக்காத சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் அப்படிப்பட்ட மனிதர் அந்த முற்றத்து எண்கோணத் தூண்களுக்கும் இருக்கைகளுக்கும், வெள்ளை மெருகின்மேல் வண்ணம் தீட்டிச் சுட்ட மயோலிக்கா டைல் போதும் என்று முடிவு செய்தார். தூண்களில் கொடிகள் சுற்றி ஏறுகின்றன, பழங்கள் தொங்குகின்றன. இருக்கைகளின் முதுகில் நாட்டுப்புறக் காட்சிகள்: வயல், படகு, ஆட்டம், சந்தை. உலகத்தைத் துறந்து மதிலுக்குள் வாழ்ந்த கன்னியர் உலாவிய இடம் அது. மஞ்சளும் நீலமும் பச்சையுமாக அவர்கள் விட்டுவந்த உலகம் அந்த முற்றத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பளிங்கில் இதைச் செய்ய முடியாது. வெயிலிலும் மழையிலும் நிறம் போகாத ஓவியம் வேண்டுமென்றால், நிறத்தை நெருப்பில் உருக்கி மண்ணோடு ஒட்டவைத்தாக வேண்டும். டைலால்தான் முடியும் என்பதால் டைல் வந்தது.

காப்ரித் தீவில் அனகாப்ரி ஊர், சான் மிக்கேலே தேவாலயம். 1761இல் லியோனார்டோ கியாயேஸே செய்து பதித்த அதன் தரை முழுவதும் ஒரே ஓவியம்: ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் காட்சி, சுற்றிலும் விலங்குகள், மரங்கள். பார்க்க வருகிறவர்கள் ஓரமாகப் போட்ட மரப்பலகை மேல் நடக்கிறார்கள். முழுவதையும் காண மேல்மாடத்துக்கு ஏறுகிறார்கள். நான் வலியுறுத்த விரும்புவது அதன் இணைப்புக் கோடுகளை. ஓவியத்தின் குறுக்கே சதுரம் சதுரமாகக் கட்டங்கள் ஓடுகின்றன. ஒரு விலங்கின் உடல் பல டைல்களில் துண்டாகிக் கிடக்கிறது. அதை மறைக்க யாரும் முயலவில்லை. இது டைலால் ஆன தரை என்பதைப் பார்க்கிறவருக்குச் சொல்லிக்கொண்டே அது ஏதேன் தோட்டமாகவும் இருக்கிறது. இரண்டுக்கும் சண்டை இல்லை.

இவை பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஜோ போன்டியைக் காட்ட வேண்டும். மிலானைச் சேர்ந்த இந்தக் கட்டடக் கலைஞர் 1920களில் ரிச்சர்டு-ஜினோரி பீங்கான் நிறுவனத்தின் கலை இயக்குநராக இருந்தவர். சூளையை உள்ளிருந்து அறிந்தவர். 1960இல் அல்பெர்ட்டோ ரோஸ்ஸெல்லியோடு சேர்ந்து மராட்ஸிக்காக, சதுரத்தை விட்டு விலகி நான்கு பக்கமும் வளைந்த ஒரு டைலை வடிவமைத்தார். ஆனால் அவர் டைலைக் கொண்டு செய்தவற்றில் எனக்கு மேலானதாகப் படுவது சொர்ரென்டோவில் கடலை ஒட்டிய மலைவிளிம்பில் நிற்கும் பார்கோ தேய் பிரின்சிபி விடுதி. 1962இல் திறந்தது. அறைகள் நூறு. நூறு அறைக்கும் நூறு விதமான தரை வேண்டும் என்று போன்டி நினைத்தார்.

அதற்காக அவர் நூறு வகை டைல் வரையவில்லை. சலேர்னோவின் தகோஸ்தீனோ நிறுவனத்தில் முப்பது வடிவங்களைச் செய்யச் சொன்னார். எல்லாம் வெள்ளையும் நீலமும்தான். இலை, பிறை, நட்சத்திரம், கோடு, முக்கோணம். மிச்சத்தைப் பதிக்கும் முறையிலேயே சாதித்தார். ஒரு டைலை மூலைவிட்டமாகப் பிரித்து ஒரு பாதி நீலம், ஒரு பாதி வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு திசையில் திருப்பி வைக்கலாம். அப்படி நான்கு டைல்களைச் சேர்த்துப் பதித்தாலே 256 விதமாக அடுக்க முடியும். ஓர் அறைக்கு எத்தனை டைல் வேண்டும், முப்பது வடிவங்கள் எத்தனை வகையில் கலக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நூறு அறை என்பது அவருக்குக் கையளவு வேலை. ஒன்றுபோலவே வருவதுதான் அச்சுப் பளிங்கின் அவமானம்; அதே ஒன்றுபோல வருதல் போன்டியின் கையில் மூலதனமாகிறது. ஆலையில் ஆயிரக்கணக்கில் ஒரே அளவில், ஒரே வடிவில் வருகிற பொருளுக்கு இயல்பான அழகு திரும்ப வருவதில்தான் இருக்கிறது. நெசவுக்குப் பாவும் ஊடும்போல டைலுக்குத் திருப்பமும் கட்டமும்.

மிலானில் அவர் கட்டடங்களின் வெளிச்சுவரையும் இப்படியே மூடினார். பிரெல்லி கோபுரத்தின் பக்கங்களில் சிறு பீங்கான் சில்லுகள் பதித்தார். 1960களில் தொடங்கிய மோன்டேதோரியா அலுவலகக் கட்டடத்துக்குப் பச்சை டைல்கள்: சில தட்டை, சில வைரம்போல முனை எழுந்தவை. வெயில் நகர நகர ஒரே பச்சை பத்துப் பச்சையாக மாறுகிறது. தொழிற்சாலைப் புகை படிந்து சுண்ணாம்புப் பூச்சு கறுத்துப்போகும் நகரத்தில், மழையே கழுவிவிடும் சுவரை அவர் கொடுத்தார். அவர் ஒருவர்தான் என்றும் இல்லை. லூயிஜி கச்சா தொமினியோனி என்ற கட்டடக் கலைஞரும் குடியிருப்புக் கட்டடங்களின் சுவர்களில் சுட்ட ஓடுகளைப் பயன்படுத்தினார். பணக்கார விடுதிக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்பவர்கள் அந்த மிலான் தெருக்களைப் பார்க்க வேண்டும்.

இந்த ஓட்டம் நின்றுபோகவும் இல்லை. ஃபியோரானோவின் முத்தீனா நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் பட்ரீஷியா உர்கியோலா 2008இல் வடிவமைத்த டைல்களில், மேற்பரப்பில் தடவினால் மட்டுமே தெளிவாகப் புரியும் மெல்லிய புடைப்பு ஓடுகிறது. சாய்வெளிச்சத்தில் அது துணிபோலத் தெரியும், ஆனாலும் எதையும் நடிப்பதில்லை. 2015 மிலான் எக்ஸ்போவில் கட்டடக் கலைஞர் டேனியல் லிபஸ்கின்ட் வான்கே நிறுவனத்தின் அரங்கை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செதில் வடிவச் சிவப்பு டைல்களால் போர்த்தினார். உலோக மினுக்குக் கொண்ட அவற்றைச் செய்தது கசல்கிராந்தே பதானா. அந்தக் கட்டடத்துக்கு முன் நின்ற எவரும் "கல் மாதிரியே இருக்கிறது" என்று பாராட்டியிருக்க முடியாது.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் உண்டு. போலச்செய்தல் இத்தாலியின் மரபே அல்லவா என்பது அது. சஸ்ஸுவோலோ இருக்கும் அதே மொடெனா மாவட்டத்தில் கார்பி என்ற ஊர் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அங்கேதான் ஸ்காலியோலா என்ற கலை தழைத்தது. ஜிப்சம் தூளைப் பசையோடும் நிறத்தோடும் பிசைந்து, மெருகேற்றி, பளிங்குபோலவும் பளிங்குப் பதிப்புபோலவும் ஆக்குவார்கள். குயிதோ ஃபாஸ்ஸி அதன் முன்னோடிகளில் ஒருவர். மயோலிக்காவே சீனத்துப் பீங்கானின் வெண்மைக்கு ஆசைப்பட்டு வெள்ளீயம் கலந்த மெருகைப் பூசிக்கொண்டதுதானே? அப்படியிருக்கப் பளிங்குப் படம் போட்ட டைலை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும்?

நல்ல கேள்வி. ஆனால் அந்த இரண்டு கலைகளும் பிறகு எங்கே போயின என்பதையும் கேட்க வேண்டும். ஸ்காலியோலாக்காரர் ஒவ்வொரு நரம்பையும் தன் கையால் பிசைந்து இழைத்தார். ஒரு மேசைப்பலகைபோல இன்னொன்று வராது. சீக்கிரத்திலேயே அவர்கள் பளிங்கை மறந்து பூக்களையும் பறவைகளையும் லேஸ் வேலைப்பாட்டையும் பதிக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் அந்த மேசைகளைப் போற்றுவது அவற்றுக்காகத்தான். மயோலிக்காவின் கதை இன்னும் தெளிவானது. ஃபாயென்ஸாவிலும் உர்பீனோவிலும் தெருத்தாவிலும் 16ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் அந்த வெள்ளை மெருகை ஓவியத் துணியாக எடுத்துக்கொண்டு, தட்டு முழுவதும் புராணக் கதைகளை வரைந்தார்கள். 1710இல் ஜெர்மனியின் மைசென்னில் ஐரோப்பாவுக்கே உரிய உண்மையான பீங்கான் ஆலை தொடங்கியது. வெண்மைக்காக மட்டும் மயோலிக்காவை வாங்க இனி யாருக்கும் காரணம் இல்லை. ஓவியம் ஏறிய தட்டுகளோ அருங்காட்சியகங்களில் இன்றும் முன்வரிசையில் இருக்கின்றன. போலச்செய்தல் தொடக்கப்படியாக இருக்கலாம். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்ட கலையை அசல் வந்த அன்றைக்கே யாரும் சீண்டமாட்டார்கள்.

இயற்கையைக் காக்க அச்சுப் பளிங்கு உதவுகிறது என்று சொல்பவர்களும் உண்டு. கராராப் பளிங்கைத் தரும் அபுவான் மலைகளை வெட்டி வெட்டி அவற்றின் முகமே மாறிவிட்டது என்பதும், வெட்டியெடுப்பதில் பெரும்பங்கு பலகையாகாமல் சிதறலும் சுண்ணாம்புத்தூளுமாகப் போகிறது என்பதும் உண்மை. நானும் அந்த மலைகளுக்காகக் கவலைப்படுகிறேன். ஆனால் மலையைக் காப்பது டைலின் உடல். நீல டைலும் அதே மலையை அதே அளவு காக்கும். பளிங்குப் படமோ பளிங்கே தரையின் உச்சம் என்ற ஆசையை வீட்டுக்கு வீடு வளர்த்துவிடுகிறது. கையில் பணம் சேர்ந்ததும் அந்த ஆசை அசலைத் தேடித்தான் போகும். எரிவாயு குடிக்கும் சூளைகளும் இயற்கைக்குச் சும்மா வந்தவையல்ல என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கருத்து நம் ஊர்த் தரைகளுக்குச் செய்த மிகப் பெரிய கேடு இணைப்புக் கோட்டின் மேல் வந்த வெறுப்பு. கல் பலகைபோலத் தெரிய வேண்டுமென்றால் கோடு தெரியக் கூடாது. அதனால் "ஜாயின்ட் ஃப்ரீயா ஒட்டிடுங்க" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஒட்டுபவரும் இடைவெளி விட உதவும் ஸ்பேசரை ஓரமாக வைத்துவிட்டு டைலோடு டைலை நெருக்கி ஒட்டிவிட்டுப் போகிறார். ஓரிரு வருடத்தில் ஒரு கோடைப் பகலில் படார் என்று சத்தம். கூடத்தின் நடுவில் இரண்டு டைல்கள் கூடாரம்போலத் தூக்கிக்கொண்டு நிற்கும். "டைல் பொங்கிடுச்சு" என்று தொலைபேசி வரும். கலவை சரியில்லை, டைல் சரியில்லை, ஆள் சரியில்லை என்று ஆளுக்கு ஆள் பழி. அடியிலுள்ள கான்கிரீட் காலப்போக்கில் சுருங்குகிறது. மேலே டைல் வெயிலில் விரிகிறது. நடுவில் இடைவெளி இல்லாதபோது அந்த நெருக்கடிக்கு மேல்நோக்கிப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பீங்கான் பதிப்புக்கான இத்தாலியின் சொந்தத் தரநிலை யு.என்.ஐ. 11493 குறைந்தது 2 மில்லிமீட்டர் இணைப்பு விடச் சொல்கிறது. டைலோடு டைலை நெருக்கிப் பதிப்பதை அது ஏற்பதில்லை. இத்தாலிய டைல் என்ற பெயரில் இங்கே கேட்கப்படுவது இத்தாலியின் தரநிலைக்கே புறம்பானது.

இணைப்பை ஒரு குறை என்று பார்க்கிறவரைக்கும் டைலை வைத்து நல்ல தரை செய்ய முடியாது. இணைப்பின் அகலம், அதை அடைக்கும் கிரவுட்டின் நிறம், கோடு எங்கே தொடங்கி எந்தச் சுவரில் போய் முட்டுகிறது, கதவு நிலையின் மையத்தோடு அது சேர்கிறதா, வெட்டுத் துண்டு எந்த மூலையில் விழுகிறது: இவைதான் டைல் வடிவமைப்பு. வெள்ளை டைலுக்கு வெள்ளைக் கிரவுட் போட்டால் ஒரு சுவர். கருஞ்சாம்பல் கிரவுட் போட்டால் முற்றிலும் வேறு சுவர். நல்ல கட்டடக் கலைஞர் இதை மில்லிமீட்டர் கணக்கில் வரைந்து தருவார். கோட்டை மறைப்பதே குறிக்கோள் என்று ஆனபின் யாரும் வரைவதில்லை. டைலைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. பளிங்குத்தனத்துக்காகக் கண்ணாடிபோல மெருகேற்றிய டைலை வாசலிலும் குளியலறையிலும் போட்டு, வயதானவர்கள் வழுக்கி விழுகிற கொடுமையும் இதே கணக்கில்தான் சேரும். வழுக்காமைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தர அளவு இருக்கிறது. ஷோரூமில் நரம்பின் அழகைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை கேட்டால் போதும்.

தொழிலின் கணக்கிலும் இந்தக் கருத்து இத்தாலிக்கே குழி தோண்டுகிறது. இத்தாலிய டைல்களில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்றுமதியாகிறது. அந்தத் தொழில் உலகத்தை நம்பித்தான் நிற்கிறது. இமோலாவின் சாக்மி கூட்டுறவு நிறுவனம் செய்யும் அமுக்கு எந்திரங்களும் சூளைகளும் குஜராத்தின் மோர்பியிலும் ஓடுகின்றன. இங்க்ஜெட் தலைகள் எங்கும் கிடைக்கின்றன. பளிங்குப் படத்தின் கோப்பை விலைக்கு வாங்க முடியும். அப்படியிருக்க, சஸ்ஸுவோலோவில் அச்சான ஸ்டேச்சுவாரியோ பளிங்குப் படத்துக்கும் மோர்பியில் அச்சான ஸ்டேச்சுவாரியோவுக்கும் வித்தியாசம் என்ன? விலைதான். மலிவான இந்திய டைல் வந்து குவிகிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. அந்த வரி படத்தைக் காப்பாற்றாது. நம் ஊரில் இத்தாலியப் பெயர் ஒட்டி விற்கும் டைல்களில் எத்தனை இத்தாலியைக் கண்டன என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை; பளிங்குபோல இருந்தால் போதும் என்று அவரே தீர்மானித்துவிட்டதால் தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. சொர்ரென்டோவின் முப்பது வடிவங்களையோ மோன்டேதோரியாவின் பச்சையையோ யாராவது நகலெடுத்தால் அது நகல் என்று பார்த்த உடனே தெரியும். தனக்கென்று முகம் உள்ள பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைக்கிறது.

கடைசியாக வருவது "வாடிக்கையாளர் கேட்கிறார்" என்ற வாதம். வாடிக்கையாளர் கேட்பது உண்மைதான். ஷோரூமில் கண்ணுக்கு நேரே பளிங்குப் பலகைகளை ஆளுயரத்துக்கு விளக்கொளியில் நிறுத்திவிட்டு, தனி நிற டைல்களைப் பின்கட்டில் குளியலறைப் பகுதியில் அடுக்கிவைத்தால் அவர் வேறு எதைக் கேட்பார்? காட்டினால் மக்கள் பார்க்கிறார்கள். சின்ன அளவு நிற டைல்களைத் தரையில் பத்துச் சதுர அடிக்குப் பரப்பி, இரண்டு மூன்று விதமாகத் திருப்பிக் காட்டியபோது, பளிங்கு வேண்டும் என்று வந்த குடும்பம் தரையில் உட்கார்ந்து தாங்களே டைல்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். பாட்டியும் பேத்தியும்தான் அதில் முன்னால் நின்றார்கள். பேத்தி வைத்ததைப் பாட்டி கலைத்து மறுபடி வைத்தார்.

விலையும் தடையில்லை. ஆளுயர அச்சுப் பளிங்குப் பலகை என்றால் உறிஞ்சுபிடிகள் பொருத்திய சட்டம் வேண்டும், தூக்க நாலு பேர் வேண்டும், தனி வெட்டும் கருவி வேண்டும், மாடிப்படி வளைவில் திருப்பும்போது ஒன்று உடைந்தால் மொத்தமும் போச்சு. 20 சென்டிமீட்டர் சதுர டைலை ஒரே ஆள் ஒரு கையால் எடுத்து ஒட்டலாம். உடைந்தால் ஒன்றுதான் நஷ்டம். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், ஒரு கட்டடக் கலைஞரை உட்காரவைத்து, இரண்டே நிறத்தில், அந்த வீட்டின் கதவுகளையும் ஜன்னல் வெளிச்சத்தையும் அளந்து, அந்த வீட்டுக்கென்றே ஒரு தரையை வரைந்து வாங்க.